தலை, கழுத்துப் புற்றுநோய் திரும்பியதா? பெட் சிடி எடுக்கும் முன்

பெட் சிடி என்பது நோயுள்ள இடத்தைப் படத்தில் ஒளிரக் காட்டும் ஸ்கேன். கதிர்வீச்சுச் சிகிச்சை முடிந்து 12 வாரமாவது போகட்டும். முன்பே எடுத்தால் ஆறாத புண்ணும் வீக்கமும் நோய்போலவே ஒளிரும், வீண் பயம்தான்.

ஓசூரிலிருந்து விடியற்காலை பஸ்ஸில் பெங்களூரு வருபவர்கள் வழியில் காபிகூடக் குடிக்க வேண்டாம். 6 மணி நேரம் வெறும் வயிறு, தண்ணீர் மட்டும் குடிக்கலாம். சர்க்கரை 200-ஐத் தாண்டினால் பெரும்பாலும் வேறு நாள் தருவார்கள். இன்சுலின் போடுபவர்கள் நேரத்தை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்கேனுக்கான கதிரியக்கச் சர்க்கரை மருந்தை ஊசியில் போட்டபின் சுமார் 60 நிமிடம் காத்திருக்க வேண்டும். பலர் தவறுவது இங்கேதான்: பேச்சு, போன், மெல்லுவது எதுவும் கூடாது. பேசினால் குரல்வளைத் தசைகள் மருந்தை இழுத்துக்கொண்டு ஒளிரும். கட்டியோ என்ற குழப்பம் வரும். பல்செட்டைக் கழற்றிவிடுங்கள். பழைய ஸ்கேன் படங்கள் உள்ள சிடி தட்டை எடுத்துவர மறக்காதீர்கள். ஆபரேஷன் ஆன கழுத்தை ஒப்பிடாமல் படிப்பது கடினம்.

சந்தேகமான இடம் தெரிந்தால் பயாப்சி (சிறு சதைத் துணுக்கை எடுத்துப் பரிசோதிப்பது) செய்துதான் உறுதிசெய்வார்கள்.