டிரம்ஸ் அதிரும் அறையில் ரெக்கார்டரை எங்கே வைப்பது?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாங்கள் ஐந்து பேர் ஒரு மாடி அறையில் கூடி வாசிப்போம். டிரம்ஸ், பேஸ் கிட்டார், லீட் கிட்டார், கீபோர்டு, பாட்டு. அறை 12க்கு 10 அடி, மேலே சிமெண்ட் ஷீட். பக்கத்து வீட்டுக்காரர் இன்னும் எங்களோடு முகம் கொடுத்துப் பேசுவதே பெரிய விஷயம். வாசித்ததை வீட்டில் கேட்டுத் திருத்திக்கொள்ளலாமே என்று கையடக்க ரெக்கார்டர் ஒன்று வாங்கினேன். முதல் மூன்று வாரம் அதில் பதிவானது அரிசி மில் ஓடுகிற சத்தம்தான். நாலாவது வாரம் விஷயம் பிடிபட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

போன் போதாதா? போதாது. சத்தம் கூடினால் போன் தானாக அளவைக் குறைக்கும், அடங்கினால் ஏற்றும். ஒவ்வொரு டிரம்ஸ் அடிக்கும் பாட்டு கிணற்றுக்குள் போய்த் திரும்பி வரும்.

1. செட்டிங்

வேவ் (சத்தத்தைச் சுருக்காமல் வைக்கும் ஃபைல்), 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஜிபிக்குக் கொஞ்சம் மேல் ஆகும். 32 ஜிபி கார்டு தாராளம். எம்பி3 வேண்டாம். சத்தத்தை மெஷினே ஏற்றி இறக்கும் ஆட்டோ லெவல் கண்டிப்பாக ஆஃப். இல்லையென்றால் போனுக்கும் இதற்கும் வித்தியாசமே இருக்காது. அடிமட்டச் சத்தத்தை வெட்டும் லோ கட் என்று ஒன்று இருக்கும், அதுவும் ஆஃப். பேஸ் கிட்டாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ் அளவில் ஒலிக்கும். 80 ஹெர்ட்ஸில் லோ கட் போட்டால், பேஸ் வாசிப்பவர் வீட்டுக்குப் போய்க் கேட்டுவிட்டு உங்களிடம்தான் சண்டைக்கு வருவார்.

2. லெவல்

என்னை மூன்று வாரம் அலைக்கழித்தது இதுதான்.

எல்லாக் கையேட்டிலும் இருப்பதை நானும் செய்தேன். மீட்டர் 0 டெசிபலைத் (அதுதான் மெஷினின் மேல் எல்லை) தொடக்கூடாது, உச்சம் -12க்குப் பக்கத்தில் நிற்கவேண்டும். முதல் வாரம் ரெக்கார்டரை டிரம்ஸுக்கு நாலடி தள்ளி ஸ்டூலில் வைத்தேன், சத்தம் கிழிந்தது. அடுத்த வாரம் கெயினை, அதாவது மைக் சத்தத்தைப் பெருக்கும் அளவை, பாதியாகக் குறைத்தும் கிழிந்தது. மூன்றாம் வாரம் கெயின் கிட்டத்தட்ட பூஜ்யம், மீட்டர் -20ஐத் தாண்டவில்லை, சிவப்பு விளக்கு ஒரு தடவைகூட எரியவில்லை. அப்போதும் அதே கரகரப்பு. மெஷின் கெட்டுப்போச்சு என்றே முடிவுகட்டிவிட்டேன்.

கெட்டுப்போகவில்லை. சத்தம் முதலில் மைக்குக்குள் போகிறது, பிறகு அதன் பின்னாலிருக்கும் சின்ன ஆம்ப்ளிஃபயருக்கு. நாம் திருகுகிற கெயின் பல மெஷின்களில் அதற்கும் அப்புறம்தான் வருகிறது. மேலே தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. நான் கீழே குழாயை மூடிக்கொண்டிருந்தேன். மீட்டரும் குழாயைத்தான் பார்க்கிறது, தொட்டியை அல்ல.

உங்களுக்கும் இதேதானா என்று தெரிந்துகொள்ள, பதிவை ஆடாசிட்டியில் (கணினியில் ஒலியை வெட்டித் திருத்தும் மென்பொருள்) திறந்து, டிரம்ஸில் சுளீரென்று ஒலிக்கும் ஸ்னேரின் ஓர் அடியைப் பெரிதாக்கிப் பாருங்கள். அலையின் தலை உச்சிவரை போய் மட்டமாக வெட்டுப்பட்டிருந்தால் கெயின் அதிகம். பாதி உயரத்திலேயே வெட்டுப்பட்டிருந்தால் மைக் திணறியிருக்கிறது. கெயினைத் தொட்டுப் பயனில்லை.

மருந்து இரண்டுதான். மைக் கெயின் ஹை, லோ என்று தனி ஸ்விட்ச் இருந்தால் லோவில் போடுங்கள். அப்புறம் ரெக்கார்டரைத் தள்ளி வையுங்கள். திறந்தவெளியில் தூரத்தை இரட்டிப்பாக்கினால் 6 டெசிபல் குறையும். சின்ன அறையில் சுவர்கள் திருப்பி அடிப்பதால் அவ்வளவு குறையாது, ஆனாலும் குறையும். என் கணக்கு இது: கெயின் குமிழை 10க்கு 2க்குக் கீழே கொண்டுபோக வேண்டியிருந்தால் நீங்கள் பக்கத்தில் நிற்கிறீர்கள். குமிழை விடுங்கள், இடத்தை மாற்றுங்கள்.

இன்னும் வாங்கவில்லை என்றால், மைக் எத்தனை டெசிபல்வரை தாங்கும் என்பதை முதலில் பாருங்கள் (இது காற்றில் வரும் சத்தத்தின் அளவு, மீட்டரின் மைனஸ் கணக்கு வேறு). ஸூம் எச்1என் 120, டாஸ்காம் டிஆர்-05எக்ஸ் 125, ஸூம் எச்5 உடன் வரும் மைக் 140. ஸ்னேருக்குப் பக்கத்தில் அடியின் உச்சம் 120ஐச் சுலபமாகத் தாண்டும். டிரம்ஸ் உள்ள குழு என்றால் காசு சேர்த்து எச்5 வாங்கலாம் என்பேன். இல்லையென்றாலும் பரவாயில்லை, தூரம் இலவசம்.

லெவல் பார்க்கும்போது ஒன்று: “கொஞ்சம் வாசிங்க” என்றால் எல்லோரும் நல்ல பிள்ளையாக மெதுவாக வாசிப்பார்கள். நிஜப் பாட்டில் ஏறிவிடும். இருப்பதிலேயே சத்தமான பாட்டின் கடைசிப் பல்லவியை வாசிக்கச் சொல்லி -12க்கு வையுங்கள்.

3. இடம்

மூலை வேண்டாம், சுவரை ஒட்டியும் வேண்டாம். பேஸ் அங்கேதான் போய்க் குவியும். கிட்டார் ஆம்ப் மேலே வைக்கவே வைக்காதீர்கள், அதிர்வு முழுக்க ஏறும். மைக் ஸ்டாண்டில் ஆறடி உயரம் நல்லது. ஸ்டாண்ட் இல்லையென்றால் ஸ்டூலில் துண்டை நாலாக மடித்துப் போட்டு அதன்மேல். மின்விசிறிக்கு நேர் கீழே வேண்டாம். விசிறியை நிறுத்த நம் ஊர் வெயிலில் யாரும் சம்மதிக்க மாட்டார்கள். எப்படியும் மைக்குக்கு ஃபோம் உறை போட்டுவிடுங்கள்.

ஐந்து பேரும் சேர்ந்து இடது, வலது என்று இரண்டே டிராக்கில் விழுகிறார்கள். பிறகு உட்கார்ந்து மிக்ஸ் பண்ண ஒன்றும் இருக்காது, மிக்ஸிங் அறையிலேயே முடிய வேண்டும். பாட்டு கேட்கவில்லையா? குரல் வரும் ஸ்பீக்கர் பக்கம் ரெக்கார்டரை ஓர் அடி நகர்த்துங்கள். எங்கள் அறையில் கடைசியாகச் சரிப்பட்ட இடம் டிரம்ஸுக்கு எதிர்ப்பக்கம், கதவுக்கு இரண்டடி முன்னால், பாட்டு ஸ்பீக்கர் மூன்றடியில்.

கிட்டார்காரரிடம் சத்தத்தைக் குறைக்கச் சொல்லிப் பார்த்தேன், நடக்கவில்லை. அவருடைய ஆம்ப்பை நாற்காலிமேல் ஏற்றி அவர் முகத்துக்கு நேராகச் சாய்த்து வைத்தேன். இரண்டாவது பாட்டில் தானே குறைத்துக்கொண்டார்.

4. பதிவு

சில ரெக்கார்டர்களில் சிவப்பு பட்டனை ஒரு தடவை அழுத்தினால் விளக்கு மினுக்கும். அது பதிவு அல்ல, தயார் நிலை. மறுபடி அழுத்தினால்தான் ஓடும். ஒரு முழு மாலை மினுக்கும் விளக்கைப் பார்த்துத் திருப்திப்பட்டவன் நான். விளக்கு நிலையாக எரிகிறதா, நொடிகள் ஓடுகின்றனவா என்று பாருங்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் முன் பெயரைச் சொல்லி இரண்டு கைதட்டு போடுங்கள். பின்னால் தேட வசதி. புது பேட்டரி போடுங்கள். நடுவில் சார்ஜ் தீர்ந்தால் ஃபைல் சரியாக மூடாமல் திறக்க மறுக்கலாம்.

5. வீட்டில்

ஆடாசிட்டியில் கைதட்டைப் பார்த்து வெட்டி, -1 டெசிபலுக்கு நார்மலைஸ் செய்து (உச்சம் அந்த அளவைத் தொடும்படி மொத்தச் சத்தத்தையும் ஏற்றி), எம்பி3யாக வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். அவ்வளவுதான்.

பின்சேர்க்கை: “32 பிட் ஃப்ளோட் மெஷின் வாங்கினால் இந்தத் தலைவலியே இல்லையாமே” என்று கருத்துப் பகுதியில் இருவர் கேட்டிருந்தார்கள். மிக மெல்லிய சத்தத்தையும் மிகப் பெரிய சத்தத்தையும் ஒரே ஃபைலில் அடக்கும் பதிவுமுறை அது. ஸூம் எச்1 எசென்ஷியல் போன்றவற்றில் பதிவுக்குக் கெயின் குமிழே கிடையாது, உண்மைதான். லெவல் வைக்கும் வேலை மிச்சம். ஆனால் மைக் திணறினால் அதில் பதிவாவதும் அந்தத் திணறல்தான். தூரம் அங்கேயும் வேண்டும்.

இன்னொரு பின்சேர்க்கை: பறைக் குழுவில் இருக்கும் ஒருவர், மைதானத்தில் இதே முறையில் செய்தும் கிழிகிறது என்று எழுதினார். 15 அடி தள்ளித்தான் வைத்தாராம். விசாரித்ததில், லெவல் பார்த்தது பறையைத் தீயில் காய்ச்சுவதற்கு முன்னால். காய்ந்து தோல் இறுகியபின் அடி எப்படி ஏறும் என்று அவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இப்போது காய்ச்சி முடித்தபிறகு லெவல் வைக்கிறார், நடுவில் மறுபடி காய்ச்சினால் மீட்டரை இன்னொரு தடவை பார்த்துக்கொள்கிறார்.