மஸ்டாங் வலப்பக்கம் இழுத்தது எதனால்?

1967 ஃபோர்டு மஸ்டாங் காரின் முன்பக்கத்தை முழுக்கப் பிரித்தேன். சக்கரத்தைத் தாங்கும், திருப்பும் பாகங்களான பால் ஜாயின்ட், டை ராடு முனைகள், கன்ட்ரோல் ஆர்ம், ஐட்லர் ஆர்ம் எல்லாம் புதிது. ஓட்டிப் பார்த்தால் வண்டி வலப்பக்கமே இழுத்தது. இடப்பக்கம் திருப்பினால் ஸ்டீயரிங் கனமாக இருந்தது.

வீல் அலைன்மென்ட் இரண்டு முறை பார்த்தாயிற்று, அளவுகள் சரி. முன் டயர்களை இடம் மாற்றினேன், பிரேக் பிடித்து நிற்கிறதா என்றும் பார்த்தேன். பலனில்லை. ஸ்டீயரிங் பாக்ஸைச் சந்தேகித்ததில் மட்டும் இரண்டு நாள் போனது.

கடைசியில் முன்சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கி, ஸ்டீயரிங்கை நேராக்கிக் கையை விட்டேன். ஸ்பிரிங் வைத்ததுபோல் தானாக வலப்பக்கம் திரும்பியது! டயரோ சாலையோ காரணமில்லை என்று அப்போதே புரிந்தது.

காரணம் ஐட்லர் ஆர்ம், அதாவது ஸ்டீயரிங் தண்டுகளின் ஒரு பக்கத்தைத் தாங்கிக் கூடவே திரும்பும் கை. இதில் இருப்பது ரப்பர் புஷ் (உள்குழாயைச் சுற்றிய ரப்பர் உறை). நட்டை இறுக்கியதும் அதன் உள்குழாய் அசையாமல் பிடிபடும். ஆர்ம் திரும்பும்போது ரப்பர்தான் முறுக்கிக்கொள்ளும். நான் இறுக்கியபோது சக்கரம் வலப்பக்கம் திரும்பியிருந்தது. ரப்பருக்கு அதுதான் 'நேர்'.

நட்டைத் தளர்த்தினேன், லிங்கேஜ் (ஸ்டீயரிங் தண்டுகள்) சட்டென்று விடுபட்டது. சக்கரங்களை நேராக வைத்து மறுபடி இறுக்கி, நட்டு கழலாமல் தடுக்கும் காட்டர் பின்னைப் புதிதாகப் போட்டேன். அப்புறம் கீழ் கன்ட்ரோல் ஆர்ம் போல்ட்டுகளையும் தளர்த்தி, வண்டியின் எடை சக்கரத்தில் நிற்கும்போது இறுக்கினேன். அங்கேயும் இதே ரப்பர் கதைதான். அதோடு கேம்பரை (சக்கரத்தின் உள்-வெளிச் சாய்வை) மறுபடி சரிபார்த்தேன். இப்போது வண்டி நேராகப் போகிறது, பெரிய நிம்மதி.