பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே மேற்படிப்பில் சேரும் செவிலியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல ஆண்டுகள் வார்டில் பணியாற்றிய ஒரு செவிலியர், பிள்ளைகள் வளர்ந்துவரும் நாட்களில் மீண்டும் மாணவராகச் சேரும்போது, அவரைப் பாதியில் நிறுத்துவது பாடத்தின் கடினமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மருந்தின் அளவைக் கணக்கிடவும், நிலை மோசமாகிவரும் நோயாளியை முகத்தைப் பார்த்தே கண்டுகொள்ளவும் தெரிந்தவருக்குப் பாடத்திட்டம் முற்றிலும் அந்நியமானது அன்று. சறுக்கல் பெரும்பாலும் நேரக் கணக்கில்தான் நிகழ்கிறது. வாரத்தின் 168 மணி நேரத்தையும் ஒரே தன்மை கொண்டதாக எண்ணிக்கொண்டு, நம் விருப்பப்படி நகர்த்தக்கூடிய மணிகள் எவை, யாருக்காகவும் நகராத மணிகள் எவை என்று பிரித்துப் பார்க்காமல் விடுவதே கீழே சொல்லப்படும் தவறுகளில் பலவற்றுக்கும் வேர்.

அதற்கும் முன்பே நிகழ்ந்துவிடக்கூடிய ஒரு தவறு உண்டு. எந்தப் பணிக்குப் போக விரும்புகிறோம் என்பதை முடிவு செய்யாமல் எந்தப் படிப்பு கிடைக்கிறதோ அதில் சேர்ந்துவிடுவது அது. வார்டு நிர்வாகம், நர்சிங் கல்லூரியில் ஆசிரியப் பணி, தீவிர சிகிச்சைப் பிரிவில் சிறப்புத் தேர்ச்சி, நோயாளியைத் தானே பரிசோதித்து மருந்து எழுதும் மேம்பட்ட நிலைச் செவிலியர் பணி ஆகிய ஒவ்வொன்றுக்கும் வழி வேறு. மேம்பட்ட நிலைப் பணிக்கு முதுநிலைப் பட்டமே குறைந்தபட்சத் தகுதியாக இருக்க வேண்டும் என்று சர்வதேசச் செவிலியர் கவுன்சில் 2020ஆம் ஆண்டின் வழிகாட்டுதலில் பரிந்துரைத்திருக்கிறது. அந்த இலக்கை மனத்தில் வைத்துக்கொண்டு ஆறு மாதச் சான்றிதழ் வகுப்பில் சேருபவர், வீட்டாரிடம் கேட்டு வாங்கிய காலத்தை வேறு திசையில் செலவழித்துவிடுகிறார். விளம்பரத்தில் ‘அங்கீகாரம் பெற்றது’ என்று இருப்பது மட்டும் போதாது. யார் அங்கீகரித்தார்கள், எந்த ஆண்டு வரை, எந்தப் பணிக்கு என்று கேட்க வேண்டும். இந்தியாவில் நர்சிங் கவுன்சிலின் பட்டியலையும் அமெரிக்காவில் நர்சிங் கல்விக்கெனவே உள்ள தர அங்கீகார அமைப்புகளின் பட்டியலையும் நேரடியாகப் பார்க்கலாம். வேறு நாடுகளிலும் பதிவு வழங்கும் அமைப்பைக் கேட்டாலே விடை கிடைக்கும். பழைய படிப்பின் பாடங்களுக்கு விலக்கு கிடைக்குமா என்பதையும் கட்டணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுவது நல்லது. தொலைபேசியில் சொல்லப்பட்ட ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்ற பதில் பின்னாளில் யாருக்கும் நினைவிருக்காது.

இப்போது நேரக் கணக்குக்கு வருவோம். ஒரு மணி நேர வகுப்புக்கு இரண்டு மணி நேரச் சுயபடிப்பு என்பது பல பல்கலைக்கழகங்கள் பின்பற்றும் பொது அளவு. வாரத்துக்கு மூன்று மணி நேர வகுப்பு கொண்ட இரண்டு பாடங்களை எடுத்தால், வகுப்புக்கு ஆறும் படிப்புக்குப் பன்னிரண்டுமாக 18 மணி நேரம் போகிறது. பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் மூன்று என்றால் காகிதத்தில் அது 36 மணி நேரம். ஆனால் பொறுப்பு ஒப்படைப்பு, முடிக்காமல் நின்ற பதிவேடு, போக்குவரத்து ஆகியவற்றைச் சேர்த்தால் ஒரு ஷிஃப்ட் எளிதாகப் பதினான்கு மணி நேரத்தைத் தின்றுவிடும், ஆக 42. நாளுக்கு ஏழு மணி நேரத் தூக்கம் என்று வைத்தால் வாரத்துக்கு 49. மூன்றையும் கூட்டினால் 109 வருகிறது, மீதி 59. நாளுக்கு எட்டு மணி நேரத்துக்கும் மேல் மிஞ்சுவதுபோல் தோன்றுவதால், சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்திடும்போது மனம் தெம்பாகவே இருக்கிறது.

இந்தக் கணக்கில் இரண்டு ஓட்டைகள் உள்ளன. மீதமுள்ள மணிகள் எல்லா நாட்களிலும் சமமாகப் பரவிக்கிடப்பதில்லை என்பது ஒன்று. ஷிஃப்ட் உள்ள நாளில் பதினான்கும் ஏழும் போக எஞ்சுவது மூன்று மணி நேரம்; அதற்குள் பிள்ளையைக் குளிக்க வைப்பது, வீட்டுப்பாடம் பார்ப்பது, சமைப்பது எல்லாம் அடங்க வேண்டும். அந்த நாளில் படிப்பு நடக்கும் என்று அட்டவணை போடுவது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வது. மற்றொன்று இதைவிடப் பெரியது: கிளினிக்கல் போஸ்டிங், அதாவது மருத்துவமனையில் நோயாளிகளிடையே செய்ய வேண்டிய பயிற்சி, இன்னும் கணக்கில் ஏறவில்லை. வாரத்தில் இரண்டு நாள், நாளுக்கு எட்டு மணி நேரம் என்று அது தொடங்கும்போது, போக்குவரத்தும் சேர்ந்து ஏறக்குறைய இருபது மணி நேரம் ஒரேயடியாகக் கரைந்துவிடும். ஒரு நோயாளியைப் பற்றிய விரிவான ஆய்வுக் குறிப்பான கேஸ் ஸ்டடியும், அவருக்கான பராமரிப்புத் திட்டமான கேர் பிளானும் எழுதும் நேரம் இதற்குமேல்.

வகுப்பு நேரத்தில் ஓரளவு நெகிழ்வு இருக்கும். பதிவு செய்யப்பட்ட உரையை இரவில் கேட்கலாம், தோழியின் குறிப்பேட்டை வாங்கலாம். நோயாளியின் படுக்கையருகே கழிக்க வேண்டிய மணிகளுக்கு அப்படி மாற்று கிடையாது. இந்திய நர்சிங் கவுன்சிலின் பாடத்திட்டங்களில் தேர்வு எழுதுவதற்கு 80 சதவீத வருகை போதும். ஆனால் பட்டம் வழங்கப்படுவதற்கு முன் ஒவ்வொரு செயல்முறைப் பிரிவிலும் 100 சதவீதம் முடித்திருக்க வேண்டும். பிரிட்டனில் செவிலியராகப் பதிவு பெறுவதற்கு வகுத்த 4,600 மணி நேரத்தில் சரிபாதியான 2,300 மணி நேரம் செயல்முறைப் பயிற்சிக்கானது. குழந்தைக்குக் காய்ச்சல் என்று தவறவிட்ட போஸ்டிங் நாள் எங்கும் மறைந்துவிடாது. விடுமுறை வாரத்திலோ இறுதிப் பருவத்திலோ திரும்ப வந்து நிற்கும். ஆகவே சேருவதற்கு முன் கல்லூரியிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி கட்டணத்தைப் பற்றியது அன்று. எந்தப் பருவத்தில், எந்தக் கிழமைகளில், எந்த மருத்துவமனையில், எத்தனை மணிக்குத் தொடங்கும் போஸ்டிங் என்பதையும், தவறவிட்ட நாளை எப்போது ஈடுசெய்ய அனுமதிப்பார்கள் என்பதையும் கேளுங்கள். விடை தெளிவாகக் கிடைக்காத இடத்தில் ஒரு பருவத்தில் எடுக்கும் பாடங்களைக் குறைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். கிளினிக்கல் நடக்கும் பருவத்தில் கூடுதலாக ஒரு பாடத்தையும் ஏற்றிக்கொண்டு விரைவில் முடித்துவிடலாம் என்று கணக்கிடுபவர்களுக்கே அந்தப் பருவத்தைத் திரும்ப எழுத வேண்டிய நிலை எளிதில் வந்துவிடுகிறது.

நேரம் போதாதபோது முதலில் வெட்டப்படுவது தூக்கம். நைட் டூட்டிக்கு மாறிக்கொண்டால் பகலில் வகுப்புக்குப் போகலாம், மாலையில் பிள்ளைகளோடு இருக்கலாம் என்ற ஏற்பாடு கேட்பதற்கு அழகாக இருக்கிறது. அதில் தூங்குவது எப்போது என்ற கேள்விக்குத்தான் இடமில்லை. பிற்பகல் மூன்று மணிக்கு எழுந்தவர் இரவுப் பணியை முடித்து, மறுநாள் ஒரு மணி வரை வகுப்பில் உட்கார்ந்தால் 22 மணி நேரம் விழித்திருக்கிறார். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 சதவீத மதுசாரம் உள்ளவரின் திறன் அளவுக்குக் குறைந்துவிடுகிறது என்று 1997இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அந்த நிலையில் கேட்ட பாடம் தலையில் நிற்காது என்பதைவிட, அந்த நிலையில் வண்டி ஓட்டுவதும் அடுத்த ஷிஃப்டில் மருந்து கலப்பதும்தான் கவலைக்குரியவை. நோயாளியிடம் தூக்கத்தின் அவசியத்தை விளக்கும் நாமே அதை வீட்டில் உபரிச் செலவாகக் கருதுகிறோம். நைட் டூட்டியைத் தவிர்க்கவே முடியாதவர், இரவு முடிந்த பகலை வகுப்பற்ற நாளாக வைத்துக்கொள்ளும்படி பாடங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

படிக்கும் நேரத்தைப் பயன்படுத்துவதிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. குழந்தை தூங்கும் இருபது நிமிடம், பேருந்தில் கிடைக்கும் கால் மணி நேரம் போன்ற துண்டு நேரங்களில் புதிய அத்தியாயத்தைத் திறந்து, இரண்டு பக்கம் படித்து, மூடிவைத்து, மறுநாள் அதே இரண்டு பக்கத்தைத் திரும்பப் படிப்பவர்கள் ஏராளம். துண்டு நேரம் பயனற்றதன்று; ஆனால் அதற்கு ஏற்ற வேலை நினைவுகூர்தலே. ஏற்கெனவே படித்ததைப் புத்தகத்தைப் பார்க்காமல் சொல்லிப் பார்ப்பது, கேள்வி அட்டைகளைப் புரட்டுவது, பொட்டாசியத்தின் இயல்பளவையும் அது தாழ்ந்தால் தெரியும் அறிகுறிகளையும் மனத்துக்குள் ஒப்பிப்பது ஆகியவற்றுக்குக் கால் மணி நேரம் தாராளம். ஒரே பகுதியைத் திரும்பத் திரும்பப் படிப்பதைவிட, படித்ததை நினைவுகூர்ந்து தன்னைச் சோதித்துக்கொள்வது ஒரு வாரம் கழித்தும் அதிகம் நிலைக்கிறது என்பதை உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கேயும் நடத்தி 2006இல் வெளியிட்ட சோதனைகள் காட்டின. மாறாக, ஆய்வுக் கட்டுரை வாசிப்பது, புள்ளியியல் கணக்குப் போடுவது, அசைன்மென்ட் எழுதுவது ஆகியவற்றுக்கு இடையூறில்லாத இரண்டு மூன்று மணி நேரம் வேண்டும். வாரத்தில் அப்படிப்பட்ட ஒரு பெரிய துண்டையாவது, வீட்டுக்கு வெளியே நூலகத்திலோ மருத்துவமனையின் வகுப்பறையிலோ, முன்கூட்டியே ஒதுக்கிவைக்காதவர் எல்லாவற்றையும் கடைசி நாளின் நள்ளிரவுக்குத் தள்ளிவிடுவார்.

அந்தப் பெரிய துண்டு நேரம் வீட்டாரிடமிருந்துதான் வர வேண்டும். ‘நீ படி, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்ற வாக்குறுதியை அப்படியே நம்பித் தொடங்குவது மிகப் பரவலான தவறு. சொல்பவர் பொய் சொல்வதில்லை. எதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதே அவருக்குத் தெரியாது. தடுப்பூசி எப்போது, பள்ளிப் படிவம் எங்கே, சீருடை எந்த நாளுக்குத் துவைத்திருக்க வேண்டும், பிள்ளைக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது ஆகியவையெல்லாம் ஒருவர் தலையில் மட்டுமே இருக்கும்வரை, வேலையைப் பிறர் செய்தாலும் நினைவில் வைத்திருக்கும் சுமை படிப்பவரிடமே இருக்கிறது. வகுப்பின் நடுவே தொலைபேசி ஒலிக்கிறது: காய்ச்சல் மருந்து எந்த அலமாரியில்? ‘உதவி செய்யுங்கள்’ என்று கேட்பதை விட்டுவிட்டு, செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து முதல் ஒன்பது வரை எல்லாப் பொறுப்பும் இன்னாருடையது என்று பெயரிட்டு ஒப்படைப்பதே பயன் தரும். வார்டில் ஷிஃப்ட் மாறும்போது நோயாளியை எப்படி ஒப்படைக்கிறோமோ, அப்படியே எழுதி, வாய்விட்டுச் சொல்லி, ஒப்படைத்தபின் இடையே தலையிடாமல் இருப்பது. அவர்கள் நம்மைப் போலச் செய்யமாட்டார்கள். அவர்கள் வழியில் செய்யட்டும், விட்டுவிடுங்கள். தேர்வு நாளும் பிள்ளையின் காய்ச்சலும் ஒரே நாளில் வரும் என்பதையும் இப்போதே எண்ணி, அன்றைக்கு வரக்கூடிய இரண்டாவது ஆளின் பெயரையும் முடிவு செய்துவிட வேண்டும்.

அனுபவம் பலம்தான், ஆனால் தேர்வறையில் அதுவே தடையாகவும் மாறும் என்பதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை. படுத்திருக்கும் நோயாளிக்குத் திடீரென்று மூச்சுத் திணறுகிறது. வார்டில் ஒரு கை கட்டிலின் தலைப்பகுதியை உயர்த்தும், மறு கை ஆக்ஸிஜன் முகமூடியை எடுக்கும், கண் மானிட்டரைப் பார்க்கும், வாய் சக செவிலியரை அழைக்கும். நான்கும் ஒரே மூச்சில் நடந்துவிடும். தேர்வுத்தாள் அந்த நான்கையும் நான்கு விடைகளாகப் பிரித்து வைத்து, முதலில் எது என்று கேட்கிறது. ‘நாங்கள் இப்படித்தான் செய்வோம்’ என்ற பழக்கத்திலிருந்து பதில் எழுதுபவர் தடுமாறுகிறார். அந்த வினா கேட்பது கையின் வேகத்தை அன்று, செயல்களின் முன்னுரிமைக்குப் பின்னால் உள்ள காரணத்தை. நாள்தோறும் செய்யும் ஒவ்வொரு செயலுக்கும் ‘ஏன்’ என்று கேட்டு, பாடநூலின் விளக்கத்தோடு பொருத்திப் பார்ப்பதே இதற்கு மருந்து. பாடநூல் சொல்வதும் வார்டில் நடப்பதும் வேறுபடும் இடங்களில், நடைமுறை பழையதாகிவிட்டதா அல்லது அந்த மருத்துவமனையின் வசதிக்கேற்ப மாற்றப்பட்டதா என்று ஆராய்ந்தால், அதுவே சில வேளைகளில் நல்ல ஆய்வுத் தலைப்பாகவும் அமையும். கட்டுரை நடை, மேற்கோள் முறை, கணினி மென்பொருள் ஆகியவற்றில் உள்ள தடுமாற்றம் ஒப்பீட்டளவில் சிறியது. முதல் மாதத்திலேயே நூலகரிடம் வெட்கமில்லாமல் கேட்டால் தீர்ந்துவிடும்.

பணியிடத்தில் படிப்பை மறைப்பவர்களும் உண்டு. ரோஸ்டர் எனும் பணி அட்டவணை போடும் பொறுப்பாளருக்குத் தேர்வுத் தேதிகள் தெரியாவிட்டால் அவர் எப்படி ஒத்துழைக்க முடியும்? ஸ்டடி லீவ், கட்டண உதவி போன்றவை விதிகளில் இருந்தும் கேட்காததால் கிடைக்காமல் போகின்றன. கட்டண உதவி பெற்றால் படிப்புக்குப் பின் இத்தனை ஆண்டு அங்கேயே பணியாற்ற வேண்டும் என்ற பாண்ட் (ஒப்பந்தப் பத்திரம்) இருக்கலாம். இடையில் படிப்பை நிறுத்தினால் எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்ற பத்தியைத்தான் அதில் முதலில் படிக்க வேண்டும். வசதிக்காகச் சொந்த வார்டிலேயே கிளினிக்கல் பயிற்சியைக் கேட்டு வாங்குவது பார்ப்பதற்கு எளிய வழி. ஆனால் ஆள் பற்றாக்குறை வந்த நிமிடத்தில் நீங்கள் மாணவர் என்பது மறக்கப்பட்டு, ஊழியராக இழுக்கப்படுவீர்கள்; பயிற்சிப் பதிவேடான லாக் புக்கில் எழுத வேண்டிய புதிய அனுபவம் எதுவும் மிஞ்சாது. முடிந்தவரை வேறு பிரிவைக் கேட்பதே மேல்.

‘இந்த வயதில் பட்டம் எதற்கு, ஊசி போடப் பட்டமா வேண்டும்?’ என்ற பேச்சும் காதில் விழும். அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்பதில்லை. ஒன்பது ஐரோப்பிய நாடுகளின் மருத்துவமனைகளை ஆராய்ந்து 2014இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வில், பட்டம் பெற்ற செவிலியர்களின் பங்கு 10 சதவீதம் கூடும்போது அறுவைச் சிகிச்சை நோயாளிகள் 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் குறைவாக இருந்தது. ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று அந்த ஒரே ஆய்வை வைத்து அறுதியிட்டுவிட முடியாது என்றாலும், கேலி பேசுபவர்கள் நினைப்பதுபோல இது வெறும் காகிதம் அன்று.

இறுதியாக, நெருக்கடியான பருவத்தில் சொல்லாமல் கொள்ளாமல் வகுப்புக்குப் போவதை நிறுத்திவிடுவது. வீட்டில் ஒருவர் நோயுறுவதும், மீண்டும் கருவுறுவதும், துணைவர் வேலை இழப்பதும் படிப்புக் காலத்தில் நடக்கக்கூடியவைதான். பல கல்லூரிகளில் இத்தகைய நிலைக்கென இடைநிறுத்த விடுப்பு உண்டு. முன்கூட்டியே எழுத்தில் விண்ணப்பித்தவரின் மதிப்பெண்களும் முடித்த கிளினிக்கல் மணிகளும் பாதுகாக்கப்பட வாய்ப்பிருக்கும், விண்ணப்பிக்காமல் நின்றவர் தோல்வியுற்றவராகப் பதிவாகிவிடலாம். எத்தனை பருவம் வரை விடுப்பு எடுக்கலாம், மொத்தப் படிப்பையும் எத்தனை ஆண்டுகளுக்குள் முடிக்க வேண்டும், திரும்பி வரும்போது பாடத்திட்டம் மாறியிருந்தால் பழைய மணிகள் செல்லுமா என்ற மூன்றையும் முதல் பருவத்திலேயே கேட்டுக் குறித்துவைக்க வேண்டும். விடுப்புக் காலத்திலும் செவிலியர் பதிவைப் புதுப்பிக்கத் தவறக் கூடாது. அது காலாவதியானால் கிளினிக்கல் பிரிவுக்குள் திரும்ப அனுமதி கிடைப்பதே சிக்கலாகிவிடும்.