ஷில்லுக் சொல்லைக் காதில் வாங்கி எழுதுவது எப்படி

தெற்கு சூடானில், வெள்ளை நைலின் மேற்குக் கரையில் கோடோக்கை ஒட்டிய ஊர்களில் பேசப்படுவது ஷில்லுக். பேசுகிறவர்கள் அதைத் 'தோக் சொல்லோ' என்பார்கள். தோக் என்றால் வாய். இந்தப் பெயரிலேயே தமிழ் எழுத்து இரண்டு இடத்தில் சறுக்குகிறது: முதல் ஒலி 'பந்து'வில் வரும் து போல அதிர வேண்டும், 'சொ'வின் ச் 'பச்சை'யில் வருவதுபோல் ஒலிக்க வேண்டும். ஆகவே தமிழில் குறிப்பெடுக்காதீர்கள், பன்னாட்டு ஒலிக்குறிகளில் எழுதுங்கள்.

மூக்கொலிகள் ஐந்து: ம், ந், ன், ஞ், ங். எழுத்தாக ஐந்தும் நமக்குப் பழக்கம்தான், ஆனால் ந, ன இரண்டையும் இன்று பலர் ஒன்றாகவே ஒலிக்கிறோம். ஷில்லுக்கில் அது வேறு சொல்லாகிவிடும். பேசுபவரின் நாக்கு நுனி பல்லைத் தொடுகிறதா, பல்லுக்குப் பின்னால் உள்ள மேல் ஈறைத் தொடுகிறதா என்று வாயைப் பார்த்தே குறியுங்கள். நாக்கு அந்த ஈறைத் தொட்டுக் காற்றை அடைத்துப் பிறக்கும் தடையொலியை நம் காது 'ட' என்று எடுத்துக்கொள்ளும். நாக்கை மடிக்காமல், யாழ்ப்பாணத்தார் 'காற்று' என்பதில் ஒலிக்கும் ற்ற-வை நினைத்துக்கொள்ளுங்கள்.

உயிர்கள் பத்து, ஐந்து ஜோடிகளாக. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று கொட்டாவி விடும்போதுபோல் தொண்டை விரிந்து வரும், மற்றது இறுகி வரும்.

அதிகம் தவறுவது நீளத்தில்தான். குறில், நெடில், அதையும் தாண்டிய மூன்றாவது நீளம் உண்டு. 'நசை' என்ற பெயர்ச்சொல் 'நசைஇ' என்று நீண்டு எச்சமாகும் சொல்லிசை அளபெடை போல, இங்கேயும் நீளம் இலக்கண வேலை செய்கிறது. சொல்லைத் தனியாகச் சொல்லச் சொன்னால் பேச்சு முடியுமிடத்தில் உயிர் இழுபடும், குரலும் தாழும், அளவு கெட்டுவிடும். எனவே மாறாத ஒரு சிறு வாக்கியத்தின் நடுவில் சொல்லை வைத்து மூன்று முறை சொல்லச் சொல்லுங்கள். ஒலிவாங்கி வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் இருக்கட்டும். கோப்பைச் சுருக்காமல் வேவ் வடிவில் வையுங்கள்.

குரலின் ஏற்ற இறக்கத்தாலேயே சொல் வேறாகும். அந்தச் சுரங்கள் ஏழுக்குக் குறையாது. மூன்று சமநிலை, மற்றவை ஏறியும் இறங்கியும் வரும். இறக்கம் அசையில் முன்னதாகத் தொடங்குகிறதா, பிந்தியா என்பதுகூடப் பொருளை மாற்றும். உடனே பெயர் சூட்டாதீர்கள். சொல்லைச் சீட்டியடிக்கச் சொல்லி, ஒத்துவருபவற்றை முதலில் குவியல் குவியலாகப் பிரியுங்கள்.

பெயர்ச்சொல் எதுவானாலும் ஒருமை, பன்மை இரண்டையும் கேளுங்கள். நம் 'கள்' போல எல்லாவற்றுக்கும் பொதுவான விகுதி கிடையாது.

கதையை இடைமறிக்காமல் முழுதாகப் பதிவு செய்த பிறகே சொல் சொல்லாகப் பிரியுங்கள். முதல் மன்னர் ஞிக்காங்கின் கதைகளில் இரண்டு இடத்தில் நிதானம் தேவை. செயப்படுபொருள் முன்னும் செய்தவர் வினைக்குப் பின்னும் வரும் வாக்கியம் சாதாரணம், அவசரத்தில் அடித்தவரும் அடிபட்டவரும் இடம் மாறிவிடுவார்கள். இன்னொன்று, ஞிக்காங் காற்றில் மறைந்தார் என்றே சொல்வார்கள். அதை 'இறந்தார்' என்று மொழிபெயர்த்தால், ரெத் எனப்படும் ஷில்லுக் மன்னர் ஒவ்வொருவரின் பட்டமேற்பிலும் அவர் மீண்டும் வந்து புது மன்னருக்குள் புகுவது படிப்பவருக்குப் புரியாமலே போய்விடும்.