காமன் லிஸ்பை ஸ்கீமுக்கு மாற்றும்போது கண்ணை ஏமாற்றும் இடங்கள்

தெலுங்கில் ‘அவசரம்’ என்றால் தேவை. நமக்கு அது பரபரப்பு. லிஸ்ப் குடும்பத்து நிரல் மொழிகளில் ஒன்றான காமன் லிஸ்பில் எழுதிய நிரலை, அதே குடும்பத்து ஸ்கீமுக்குக் கொண்டுபோகும்போதும் இப்படித்தான் மாட்டிக்கொள்கிறோம். இரண்டிலும் அதே அடைப்புக்குறிகள், பட்டியலின் முதல் உறுப்பையும் மீதியையும் எடுக்கும் அதே கார், குடர், சார்பு உருவாக்கும் அதே லாம்ப்டா. சார்பை வரையறுக்கும் டிஃபன் இருந்த இடத்தில் டிஃபைன் போட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். பல நேரம் நிரலும் ஓடிவிடும். பிழைச் செய்தி கொடுத்து நிற்கிற நிரலைத் திருத்திவிடலாம். சத்தமில்லாமல் ஓடித் தப்பான விடை கொடுப்பதுதான் ஆளை அலைக்கழிக்கும். அப்படிப்பட்ட இடங்களைத்தான் இங்கே அதிகம் சொல்லப்போகிறேன்.

முதலில் நில். என் அனுபவத்தில் பாதித் தொல்லை இதிலிருந்துதான் வருகிறது. காமன் லிஸ்பில் நில் என்பது வெற்றுப் பட்டியல், ‘பொய்’ என்ற மதிப்பு, ஒரு குறியீட்டுப் பெயர், மூன்றும் தான். பழைய லிஸ்ப் கிளைகளை ஒன்றுசேர்க்க வந்த மொழி அது. 1994இல் அமெரிக்கத் தர நிறுவனமான ஆன்சியின் தரமானபோதும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. 1975இல் எம்ஐடியில் சஸ்மனும் ஸ்டீலும் தொடங்கிய ஸ்கீம் வேறு வழியில் போனது. இன்றைய ஸ்கீமில் பொய்க்கென்று ஒரே ஒரு தனி மதிப்புதான். மற்ற எல்லாமே மெய், வெற்றுப் பட்டியல் உட்பட.

இதன் விளைவைப் பாருங்கள். திருப்பித் தராத புத்தகங்களைப் பொறுக்கியெடுத்துப் பட்டியலாகத் தரும் ஒரு சார்பு இருக்கிறது. ‘பட்டியல் வந்தால் நினைவூட்டல் அனுப்பு’ என்று வெறும் இஃப் போட்டு எழுதியிருக்கிறார்கள். காமன் லிஸ்பில் புத்தகமே இல்லாவிட்டால் நில் வரும், நினைவூட்டல் போகாது. அதை அப்படியே ஸ்கீமில் எழுதினால் வெற்றுப் பட்டியலும் மெய்யாகிவிடும், எல்லோருக்கும் நினைவூட்டல் போகும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. அங்கே ‘நல்?’ (null?, பட்டியல் வெறுமையா) என்று வெளிப்படையாகக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

எல்ஸ் இல்லாத இஃப் இதைவிட நுட்பமானது. நிபந்தனை பொய்த்தால் காமன் லிஸ்ப் நில் தரும் என்று நம்பி, அந்த விடையை, பட்டியலின் முன்னே ஓர் உறுப்பைச் சேர்க்கும் கான்ஸின் இரண்டாவது இடத்தில் வைத்துப் பட்டியல் கட்டுவார்கள். ஸ்கீமில் அந்த விடை என்னவென்று தரம் சொல்லவே இல்லை. பல செயலாக்கங்கள் (ஸ்கீமை இயக்கும் மென்பொருள்கள்) ஏதோ ஒரு வெற்று மதிப்பைத் தரும், பட்டியலின் வால் கெட்டுப்போகும். எங்கேயோ தள்ளி, லெங்த் கேட்கும்போதுதான் அது வெடிக்கும்.

அதனால் மாற்றத் தொடங்குவதற்கு முன்பே, மூல நிரலில் நில் எழுதியிருக்கும் ஒவ்வொரு இடத்திலும், நில் வரக்கூடிய ஒவ்வொரு இடத்திலும், அது பட்டியலா பொய்யா என்று குறித்துக்கொள்ளுங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் நிரலைப் பாதி மாற்றிய பிறகு இதைச் செய்ய உட்கார்ந்தால் எது எதுவாக இருந்தது என்று நினைவிருக்காது.

அடுத்தது, பெயர் ஒன்றாகவும் பழக்கம் வேறாகவும் இருக்கும் சார்புகள். பட்டியலில் தேடும் மெம்பரும் அசாக்கும் காமன் லிஸ்பில் ஈக்யூஎல் கொண்டு, அதாவது அதே பொருள்தானா என்று, ஒப்பிடும். ஸ்கீமில் ஈக்வல் கொண்டு, அதாவது உள்ளடக்கம் ஒன்றா என்று, ஒப்பிடும். ஆக, காமன் லிஸ்பின் மெம்பருக்குச் சரியான இணை ஸ்கீமின் மெம்வி. எதிர்த்திசையில் போனால் இன்னும் மோசம்: ஸ்கீமில் சரங்களைத் தேடிக் கண்டுபிடித்த நிரல், காமன் லிஸ்பில் எப்படி ஒப்பிடுவது என்று டெஸ்ட் உள்ளீட்டில் சொல்லாவிட்டால் எதையும் கண்டுபிடிக்காமல் நில் தரும். ஈக்வலிலும் ஒரு பொறி உண்டு. ஒரே உறுப்புகள் கொண்ட இரண்டு வெக்டர்களை (எண்ணிட்ட இடங்களில் மதிப்புகளை வைக்கும் வரிசைகளை) ஸ்கீம் சமம் என்னும். காமன் லிஸ்ப் அல்ல என்னும். ஈக்வல்பி போட்டால் சமம் என்று வரும், ஆனால் அது பெரிய எழுத்து சின்ன எழுத்து வேறுபாட்டையும் விழுங்கிவிடும்.

பட்டியலை ஒரே மதிப்பாகச் சுருக்கும் ரெட்யூஸை ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள். 1, 2, 3, 4 என்ற பட்டியலைக் கழித்தல் குறியோடு கொடுத்தால் காமன் லிஸ்ப் −8 தரும். ஸ்கீமில் பலரும் பயன்படுத்தும் எஸ்ஆர்எஃப்ஐ-1 நூலகத்தின் ரெட்யூஸ், தொடக்க மதிப்பாக 0 கொடுத்தால், 2 தரும். அங்கே புதிய உறுப்பு முதலிலும் சேர்ந்துவந்த மதிப்பு இரண்டாவதாகவும் போகிறது. கூட்டலில் வைத்துச் சோதித்தால் இந்த வேறுபாடு தெரியவே தெரியாது.

எண்ணைக் கீழ்நோக்கி முழுமையாக்கும் ஃப்ளோருக்கு 3.5 கொடுத்தால் காமன் லிஸ்பில் முழு எண் 3, ஸ்கீமில் தசம எண் 3.0. இதை வெக்டரின் இடக்குறியாகப் பயன்படுத்தும் நிரல் மாட்டிக்கொள்ளும்.

சார்புக்குக் கொடுக்கும் உள்ளீடுகளைக் காமன் லிஸ்ப் இடமிருந்து வலமாகவே கணக்கிடும், அது உறுதி. ஸ்கீம் அப்படி எந்த வாக்கும் தரவில்லை. கோப்பிலிருந்து இரண்டு வரிகளைப் படித்து ஒரே லிஸ்ட் அழைப்புக்குள் வைக்கும் நிரல், ஒரு செயலாக்கத்தில் சரியாக ஓடி, இன்னொன்றில் வரிகளை இடம் மாற்றித் தரலாம். மாறிகளுக்கு ஒன்றன்பின் ஒன்றாக மதிப்பு கொடுக்கும் லெட் ஸ்டார் போட்டு வரிசையை நாமே எழுதிவிடுவது நல்லது.

இருபுறமும் நட்சத்திரம் போட்ட பெயர்களைக் கண்டால் நில்லுங்கள். அவை பெரும்பாலும் காமன் லிஸ்பின் டெஃப்வாரில் அறிவித்த சிறப்பு மாறிகள். அவற்றை லெட்டில் மாற்றினால், உள்ளே அழைக்கப்படும் எல்லாச் சார்புகளும் புதிய மதிப்பைப் பார்க்கும். ஸ்கீமின் லெட் அப்படிச் செய்யாது. வெளியே இருக்கும் சார்பு பழைய மதிப்பையே பார்த்துக்கொண்டிருக்கும். 2013இல் வந்த, ஸ்கீம் தரத்தின் ஏழாம் திருத்த அறிக்கையிலேயே அந்த வேலையைச் செய்யும் பேராமீட்டரைஸ் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

லிஸ்ட் என்று ஒரு உள்ளீட்டுக்குப் பெயர் வைப்பது காமன் லிஸ்பில் பிரச்சினையில்லை, சார்புகளுக்குத் தனிப் பெயர்வெளி இருப்பதால். ஸ்கீமில் அது லிஸ்ட் சார்பையே மறைத்துவிடும். பெயரை மாற்றிவிட்டால் போதும்.

மேக்ரோக்களை (நிரலை எழுதித் தரும் நிரல்களை) கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், அவற்றை வரிக்கு வரி மாற்றவும் வேண்டாம். காமன் லிஸ்பின் டெஃப்மேக்ரோவில், புதுப் பெயர் உருவாக்கும் ஜென்சிம் போட்டு மோதலிலிருந்து காத்த பெயர்களை, ஸ்கீமின் சிண்டாக்ஸ்-ரூல்ஸ் தானே காத்துவிடும். ஆனால் ‘இட்’ (it) என்ற பெயரை வேண்டுமென்றே வெளியே தெரியவிடும் மேக்ரோ அங்கே அப்படி வேலை செய்யாது. வெளியில் வேறொரு ‘இட்’ ஏற்கெனவே இருந்தால், பிழை எதுவும் காட்டாமல் அதையே எடுத்துக்கொள்ளும். அப்படிப்பட்ட மேக்ரோவை விட்டுவிட்டு, மாறியின் பெயரைப் பயன்படுத்துபவரே கொடுக்கும்படி மாற்றி எழுதுவதே எனக்குப் பிடித்த வழி.