அடமான வீடு ஏலத்துக்குப் போகுமுன்: யாரை, எப்போது அணுகுவது

வீட்டுக் கடன் தவணை தவறியவர்களில் பலர் செய்யும் முதல் தவறு, வங்கி அனுப்பும் பதிவுத் தபாலை வாங்க மறுப்பது. வாங்காவிட்டாலும் வீட்டுக் கதவில் ஒட்டியும் நாளிதழில் வெளியிட்டும் வங்கி அதைச் சேர்ப்பித்துவிட முடியும். அதன் பிறகு நாள் கணக்கு ஓடத் தொடங்கிவிடும். உதவி கேட்கும் வழிகள் எல்லாமே அந்தக் கணக்கைச் சார்ந்தவை.

தவணை 90 நாள்களுக்கு மேல் நிலுவையில் நின்றால் கடன் வாராக்கடனாகிறது. அதற்கு முன்பே கிளை மேலாளரைப் பார்ப்பது நல்லது. வளைகுடாவில் இருக்கும் மகனுக்கு வேலை போய்விட்டது, வீட்டில் ஒருவருக்கு அறுவை சிகிச்சை நடந்தது என்பன போன்ற காரணங்களை ஆதாரத்துடன் எழுதி, கடன் காலத்தை நீட்டித்துத் தவணையைக் குறைக்குமாறு கேட்டு, கடிதத்தின் நகலில் கிளை முத்திரையுடன் ஒப்புகை பெற வேண்டும். வாய்ப்பேச்சில் கிடைத்த உறுதிமொழி அந்த மேலாளர் மாற்றலாகிப் போகும் வரைதான் நிற்கும். கடன் வாங்கியவர் இறந்திருந்தால், கடனுடன் காப்பீடு எடுக்கப்பட்டிருந்ததா என்பதை முதலில் பாருங்கள். மாதத் தவணையோடு அதற்கான பணமும் போயிருப்பது குடும்பத்துக்கே தெரியாமல் இருப்பதுண்டு.

கடன் வாராக்கடனான பிறகு, நீதிமன்றத்துக்குப் போகாமலே அடமானச் சொத்தை விற்றுக் கடனை வசூலிக்க வங்கிக்கு அதிகாரம் தரும் 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி, 60 நாள்களுக்குள் முழுத் தொகையையும் கட்டச் சொல்லி நோட்டீஸ் வரும். இந்த 60 நாள்கள்தான் மிகவும் பயனுள்ளவை. இந்தக் காலத்தில் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவித்தால், அதை ஏற்காததற்கான காரணத்தை வங்கி 15 நாள்களுக்குள் தெரிவிக்க வேண்டும். கணக்கு அறிக்கையை வாங்கி வரிவரியாகச் சரிபாருங்கள். அபராதக் கட்டணத்தை அசலோடு சேர்த்து அதற்கும் வட்டி போடக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அடமானம் வைத்தது உண்மையில் பயிர் செய்யப்படும் விளைநிலமாக இருந்தாலோ, பாக்கி ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டாவிட்டாலோ, அசலும் வட்டியும் சேர்ந்த தொகையில் 20 சதவீதத்துக்கும் குறைவாகவே மிஞ்சியிருந்தாலோ, இந்தச் சட்டத்தின் கீழ் நடவடிக்கை எடுக்க முடியாது.

அடுத்த கட்டம், வீட்டை வங்கி சுவாதீனம் எடுப்பதாக ஒட்டும் அறிவிப்பு. அன்றிலிருந்து 45 நாள்களுக்குள், திருநெல்வேலி மாவட்டத்தினர் மதுரையில் உள்ள கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் மனு செய்ய வேண்டும். உள்ளூர் முன்சீப் கோர்ட்டிலேயே தடை வாங்கித் தருவதாகச் சொல்பவரிடம் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். இவ்விஷயத்தில் உரிமையியல் நீதிமன்றங்கள் தலையிடுவதைச் சட்டமே தடுக்கிறது. கொக்கிரகுளத்தில் கலெக்டர் அலுவலகத்தின் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுக்கும் மனுவும் தீர்ப்பாயத்தின் தடை உத்தரவுக்கு ஈடாகாது. வீட்டைக் காலி செய்ய உதவுமாறு வங்கியும் ஆட்சியரிடமோ தலைமைக் குற்றவியல் நடுவரிடமோதான் மனு போடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லாதவர்கள் பாளையங்கோட்டை நீதிமன்ற வளாகத்தில் இயங்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவையோ, தாலுகா நீதிமன்றங்களில் உள்ள வட்டக் குழுவையோ அணுகலாம். 15100 என்ற எண்ணிலும் பேசலாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பாராமலே இலவச உதவி உண்டு. மேலப்பாளையத்திலும் முக்கூடலிலும் பீடி சுற்றும் பெண்கள், வீடு தங்கள் பெயரில் இருந்தாலும் கணவரின் கடனுக்குக் கையெழுத்து மட்டும் போட்டிருந்தாலும், தங்கள் பெயரிலேயே விண்ணப்பிக்கலாம். லோக் அதாலத் எனப்படும் மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பேச நீதிமன்றக் கட்டணம் இல்லை; ஆனால் அங்கு முடிந்ததற்கு மேல்முறையீடும் இல்லை என்பதால், கட்ட வேண்டிய தொகையையும் தேதியையும் படித்த பிறகே கையெழுத்திட வேண்டும். பாக்கியைக் குறைத்து ஒரே தொகையாகக் கட்டிக் கணக்கை முடிக்கும் ஒரே தவணைத் தீர்வை வங்கியிடம் கேட்கலாம், உரிமையாகக் கோர முடியாது.

வசூலுக்கு வருபவர்கள் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ அழைத்தாலோ, மிரட்டினாலோ, முதலில் வங்கிக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாள்களில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். கடன் கொடுத்தது வீட்டுவசதி நிதி நிறுவனமாக இருந்தால் தேசிய வீட்டுவசதி வங்கிக்குப் புகார் செல்ல வேண்டும்.

கடனை அடைக்க வழியே இல்லையென்றால், ஏலத்துக்கு விடாமல் நீங்களே விற்பது பெரும்பாலும் நல்ல விலையைத் தரும். ஆனால் 60 நாள் நோட்டீஸ் வந்த பிறகு வங்கியின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் விற்கக்கூடாது. முழு பாக்கியையும் செலவுகளோடு கட்டி வீட்டை மீட்கும் உரிமை ஏல அறிவிப்பு வெளியாகும் வரைதான். அதற்குப் பின் பணத்தோடு ஓடினாலும் பயனில்லாமல் போகலாம். இந்த நெருக்கடியில் “கடனை நான் அடைக்கிறேன், வீட்டைக் கிரயம் எழுதிக் கொடுங்கள், பிறகு திருப்பித் தருகிறேன்” என்று வருபவரிடம் மிகுந்த எச்சரிக்கை தேவை. பதிவான கிரயப் பத்திரத்தின் முன்னால் வாய்மொழி வாக்கை நிரூபிப்பது கடினம். மீட்டர் வட்டி, கந்துவட்டி கேட்டு மிரட்டுபவர்மீது 2003ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டப்படி காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம்.

ஏலமே நடந்து முடிந்தாலும், கிடைத்த தொகையில் கடனும் செலவும் போக மிச்சமிருப்பது உங்களுக்குச் சேர வேண்டியது. அதற்கான கணக்கையும் எழுத்தில் கேளுங்கள்.