பழைய ஆர்கெஸ்ட்ரா ரிக்கார்டில் ஒளிந்திருக்கும் அரங்கத்தை ஐந்து ஸ்பீக்கரில் கேட்பது எப்படி?

புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் ஒரு பீத்தோவன் எல்பி கிடைத்தது: மூன்றாம் சிம்பொனி, 'எரோய்கா'. கடல்காற்று ஈரத்தில் உறை முழுக்கப் பூஞ்சை. அதைச் சரிசெய்து, சுற்றிலும் ஸ்பீக்கர் வைத்துச் சரவுண்டில் கேட்ட வழியை எழுதுகிறேன். சரவுண்ட் ஸ்பீக்கர்கள் தவிர, ரிக்கார்டு பிளேயர், அதன் மெல்லிய ஒலியைப் பெருக்கும் போனோ ப்ரீஆம்ப், அதைக் கணினிக்குள் கொண்டுபோகும் யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒலியைத் திருத்தும் இலவச மென்பொருளான ஆடாசிட்டி இருந்தால் போதும்.

தொடங்குமுன் ஒன்று. வயலின்களை நம் முதுகுக்குப் பின்னால் உட்கார வைக்கக் கூடாது. ஆர்கெஸ்ட்ரா முன்னால், மேடையில்தான் இருக்க வேண்டும். பின்னாலிருந்து வரவேண்டியது அரங்கத்தின் எதிரொலி மட்டும்.

1. கழுவுங்கள். காய்ச்சி வடித்த நீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு; மென்மையான துணியால் பள்ளம் ஓடும் திசையிலேயே துடையுங்கள். நடுவிலுள்ள லேபிள் நனையக் கூடாது. பழைய 78 வேகத் தட்டென்றால் ஆல்கஹால் கலந்த எதையும் தொடாதீர்கள். அது அரக்கால் ஆனது, கரைந்துவிடும்.

2. பதிவு செய்யுங்கள். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ். மிகச் சத்தமான இடத்திலும் அளவு -6 டெசிபலைத் தாண்ட வேண்டாம்.

3. முதலில் 'டிக் டிக்' ஒலி, அப்புறம்தான் இரைச்சல். ஆடாசிட்டியில் 'டிக் டிக்'கை நீக்கும் கிளிக் ரிமூவலை முடித்துவிட்டு, இசை தொடங்குமுன் ஊசி மட்டும் ஓடும் ஓரிரு விநாடியை இரைச்சலைக் குறைக்கும் நாய்ஸ் ரிடக்ஷனுக்கு மாதிரியாகக் கொடுங்கள். 6 டெசிபலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நான் முதல்முறை 20 வைத்தேன். இரைச்சல் போனது, அதோடு ஒவ்வொரு சுரமும் அடங்கும்போது வரும் மெல்லிய வால் ஒலியும் போய்விட்டது. அந்த வாலில்தான் அரங்கமே இருக்கிறது. கொஞ்சம் இரைச்சல் இருக்கட்டும்.

4. எதிரொலியைப் பிரித்தெடுங்கள். ஸ்டீரியோ டிராக்கை நகலெடுத்து, இடது வலதைத் தனித்தனி மோனோவாக (ஒற்றை ஒலித்தடமாக)ப் பிரித்து, இரண்டையும் 6 டெசிபல் குறையுங்கள். வலதுக்கு மட்டும் ஒலி அலையைத் தலைகீழாக்கும் 'இன்வெர்ட்' கொடுத்து இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிடுங்கள். நடுவிலிருந்து வரும் ஒலி இரண்டு பக்கமும் ஒரேமாதிரி பதிவாகியிருக்கும், அதனால் கழிந்துபோகும். சுவர்களில் பட்டுத் திரும்பிய ஒலி இரு பக்கமும் வேறு வேறாக இருப்பதால் தங்கிவிடும்.

ஓரத்து வயலின்களும் இதில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும். 7,000 ஹெர்ட்ஸுக்கு மேலும் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழும் வெட்டுங்கள். இன்னொரு நகல் எடுத்து, ஒன்றின் தொடக்கத்தில் 17 மில்லிவிநாடி, மற்றதில் 23 மில்லிவிநாடி மௌனம் சேருங்கள். இவை இரண்டும்தான் பின் ஸ்பீக்கர்களுக்கு. இவற்றின் சராசரியான 20 மில்லிவிநாடியில் ஒலி ஏறக்குறைய 7 மீட்டர் போகும்; பின் ஒலி அவ்வளவு பின்தங்கி வரும். முன்னாலிருந்து முதலில் வரும் ஒலியைத்தான் காது திசையாக எடுத்துக்கொள்ளும், எனவே வயலின்கள் மேடையிலேயே நிற்கும்.

மோனோ ரிக்கார்டுக்கு இந்த வழி உதவாது. அதன் பள்ளம் ஊசியைப் பக்கவாட்டில் மட்டுமே அசைக்கும், அதனால் இடதிலும் வலதிலும் ஒரே இசைதான். கழித்தால் மிஞ்சுவது தூசியின் சத்தம்தான். அதற்கு இடது வலது இரண்டையும் கூட்டி, மெல்லிய ரிவெர்ப் (செயற்கை எதிரொலி) போட்டுப் பின்னால் அனுப்புங்கள்.

5. ஆறு சேனலாக ஏற்றுமதி செய்யுங்கள். வரிசை: முன் இடது, முன் வலது, நடு, எல்எஃப்இ (மிகத் தாழ்ந்த ஒலிக்கான தனிச் சேனல்), பின் இடது, பின் வலது. முன் இரண்டுக்கும் அசல் ஸ்டீரியோ டிராக். நடுவும் எல்எஃப்இயும் காலியாகவே இருக்கட்டும். முன் ஸ்பீக்கர்கள் உங்கள் நேர்ப்பார்வையிலிருந்து 30 பாகையில், பின் ஸ்பீக்கர்கள் 110 பாகையில். பின் ஒலி முன்னதைவிட 8 முதல் 10 டெசிபல் குறைவாக இருக்க வேண்டும்.

6. இரவில், மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். எரோய்காவின் தொடக்கத்தில் இரண்டு ஓங்கிய அடிகள், ஒவ்வொன்றுக்கும் பின் சிறு மௌனம். அந்த மௌனத்தில் ஒலி உங்களைத் தாண்டிப் பின்னால் போய் அடங்க வேண்டும். பின் ஸ்பீக்கர் இருக்கும் இடம் காதுக்குத் தெரிந்தால் ஒரு டெசிபல் குறைத்து, அந்த இரண்டு அடியை மறுபடி போடுங்கள்.